திங்கட்கிழமை வாடிக்கையாளர்

குஸுமி எய்சகு கேட்ட கேள்வியைக் கேட்காத காது ஷியோமி ஊரில் கிடையாது. ஜனவரியில் ஊரின் பேஸ்பால் அணியான பெலிக்கன்ஸ் தன் ரசிகர்களைக் கூட்டி விருந்து வைத்தது. மேடையில் வரிசையாக உட்கார்ந்து தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்த நிர்வாகிகளைப் பார்த்து, மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு எய்சகு கேட்டார்:

"நம்ம ஊர்ல பொறந்து, நம்ம கண்ணு முன்னாடி வளந்த, இடதுகையால பந்து போடற பையனை வேண்டாம்னு அனுப்பிட்டீங்க. அவன் எடத்துக்கு யாரைக் கூட்டிட்டு வர்றீங்க? அராங்குரென்! வெனிசுவேலாவிலேர்ந்து! வயசு முப்பத்தாறு. முழங்கையில ரெண்டு ஆபரேஷன். ஐயா, நாங்க டிக்கெட் எடுக்கறது மேட்ச் பாக்கவா, இல்ல அராங்குரெனோட எக்ஸ்ரே பாக்கவா?"

அரங்கம் இடிந்து விழாத குறை. யாரோ அதைப் படம் பிடித்துப் போட, மறுநாள் காலையில் ரயிலில் போகிறவன் வருகிறவன் கையிலெல்லாம் எய்சகுவின் குரல். தொடர்ந்து இரண்டு வருடம் கடைசி இடத்தில் கிடந்த அணி அது. அதன் ரசிகர்கள், ஜெயிக்கிற மாதிரி பந்து வீசுகிற பிட்சர் கிடைக்காவிட்டாலும், திட்டத் தெரிந்த ஒரு மனிதராவது கிடைத்தாரே என்று கொண்டாடித் தீர்த்தார்கள்.

எய்சகு தொழிலால் முடிதிருத்துபவர். ஆனால் அவரைக் கேட்டால், வலப்பக்க கேலரியின் ரசிகர் படைத் தலைவர் என்றுதான் முதலில் சொல்வார். இருபது வருடப் பதவி. கழுத்தில் விசில், கையில் வெள்ளைக் கையுறை. அந்தக் கை மேலே போனால் கேலரி முழுக்க வாயை மூடும், கீழே இறங்கினால் டிரம்பெட்டும் டிரம்மும் ஒன்றாக முழங்கும். கத்தரி பிடிக்கிற கை ஒன்று, கையுறை போட்ட கை ஒன்று, பாத்திரம் கழுவுகிற கை மட்டும் இந்த மனுஷனுக்கு இன்னும் முளைக்கவில்லை என்பாள் மனைவி நொபுயே.

சனியன் ஏப்ரலில் வந்தது. திங்கட்கிழமை ஊரில் சலூன்களுக்கு விடுமுறை, பேஸ்பாலுக்கும் விடுமுறை. அன்றைக்கு மழை. எய்சகு கத்தரிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். நொபுயே போய்த் திறந்தாள். வாசல் நிலையைத் தலை தொட, சொட்டச் சொட்ட நனைந்து ஒருவன் நின்றான். தன் தலையைத் தொட்டுக் காட்டினான். பிறகு இரண்டு கைகளையும் கூப்பினான்.

யாரென்று எய்சகுவுக்குப் பார்த்த நொடியே தெரிந்துவிட்டது. எக்ஸ்ரேயே நேரில் வந்து நிற்கிறது. கடை லீவு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கண் அவன் தலைக்குப் போய்விட்டது. அந்தச் சுருட்டை முடியை ஊரில் எவனோ தொடத் தெரியாமல் தொட்டிருக்கிறான், காதுக்கு மேலே எலி கடித்தது போல ஒரு பள்ளம். இன்னொரு கடையில் எங்களுக்குத் தெரியாது என்று கையை விரித்திருக்க வேண்டும். அந்த அலங்கோலத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எய்சகுவால் முடியவில்லை.

"ஏங்க, தெருவுல நிக்க வச்சா பாக்கறீங்க? துண்டை எடுங்க" என்றாள் நொபுயே.

அவருக்கும் அந்த முடி பழக்கமில்லைதான். இளமையில் துறைமுகத்துக்குக் கப்பல்காரர்கள் வருகிற காலத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வெட்டியிருந்தார். அந்த ஞாபகத்தில், மெஷினைப் பட்டும் படாமலும் ஓட்டி, பொறுமையாகப் பள்ளத்தைச் சரிக்கட்டினார். தாடியை மழித்துக் கழுத்தைத் துடைத்துவிட்டார். அராங்குரென் தன் தலையைத் தடவிப் பார்த்தான், எழுந்தான், எய்சகுவை அப்படியே கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். கல்யாணத்தன்றுகூட எய்சகுவை யாரும் கட்டிப்பிடித்ததில்லை. கால் தரையில் படாமல் தொங்கிய கணவரைப் பார்த்து நொபுயே சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அதிலிருந்து, அணி ஊரில் இருக்கிற திங்கட்கிழமைகளில் அவன் வந்தான். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், வாசலில் சுழல்கிற விளக்கு அணைந்திருக்கும். தன் ஊரிலிருந்து வரவழைத்த காப்பித் தூள் கொண்டுவருவான், நொபுயே சோற்று உருண்டை பிடித்துத் தருவாள். தட்டுத் தடுமாறி ஜப்பான் மொழி பேசக் கற்றுக்கொண்டான். மற்றவர்கள் வேகமாகப் பேசினால் மட்டும் அவனுக்குப் பிடிபடாது. எய்சகுவை "மாஸ்டர்" என்று கூப்பிட்டான். வெளிநாட்டில் தனியாகக் கிடக்கிறவன், பெண்ணுக்குப் பத்து வயதாம், போனில் அவள் படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுவான். எய்சகுவுக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. அதுதான் வினையாகிப் போயிற்று.

ஏனென்றால் மைதானத்தில் அவன் வரிசையாகத் தோற்றான். ஒவ்வொரு தோல்விக்கும் எய்சகுவின் ஜனவரிப் பேச்சு புதிதாக ஒரு சுற்று வந்தது. தெருவில் போனால் முன்பின் தெரியாதவர்கள் நிறுத்திக் கை கொடுத்தார்கள். "அன்னிக்கே கேட்டீங்களே தலைவரே!" என்றார்கள். அவர் அசடு வழியச் சிரித்துவைத்தார். கொடுத்த கையை அப்படியே கொண்டுபோய் அவன் தலையில் வைக்கிறோமே என்று திங்கள்தோறும் மனம் குத்தியது. அவனிடம் சொல்லவும் வாய் வரவில்லை, படையிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

ஜூன் முதல் திங்கள். அராங்குரென் நாற்காலியில் மல்லாந்து படுத்திருந்தான். கழுத்துவரை வெள்ளைத் துணி, முகத்தில் ஆவி பறக்கிற சூடான துண்டு. எய்சகு சோப்பு நுரையைக் குழைத்துக்கொண்டிருந்தார். பாதி ஷட்டருக்குக் கீழே ஒரு தலை நுழைந்தது.

முகாய். துறைமுகத்தில் மீன் கடை, படையில் முதல் டிரம்பெட், எய்சகுவுக்கு அடுத்த ஆள். கையில் பீர் டப்பாக்கள்.

"என்ன தலைவரே, லீவு நாள்ல யாருக்குச் செரைக்கிறீங்க?"

எய்சகு சூடான துண்டைச் சுருட்டை முடி மறையுமாறு இழுத்துவிட்டார். "மச்சான்" என்றார். "ஒசாகாவிலேர்ந்து வந்திருக்கான்."

"எந்த மச்சான்? அண்ணிக்குக் கூடப்பொறந்தவங்க யாருமில்லையே?"

"ஒண்ணுவிட்ட தம்பி" என்றாள் நொபுயே உள்ளேயிருந்து வந்தபடி. "பல்லு புடுங்கியிருக்கு. பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

முகாய் நாற்காலியைப் பார்த்தான். துணிக்கு வெளியே, படகு மாதிரி இரண்டு ஷூக்கள். "ஒசாகாவுல நல்லாத்தான் சாப்பாடு போடறாங்க போல" என்று சொல்லிவிட்டு வாசலோர பெஞ்சில் உட்கார்ந்து பீரை உடைத்தான்.

"விஷயத்துக்கு வர்றேன். புதன்கிழமை அந்தக் கெழட்டு முழங்கைதான் போடறான். பேனர் எதுவும் கட்ட முடியாது. ஒரு வார்த்தை தப்பா எழுதினாலும் படையோட அனுமதியைப் பிடுங்கிருவாங்க. அதனால பசங்க எல்லாம் பேசி முடிவு பண்ணிட்டோம். அவன் பேட்டோட வர்றப்ப, ஒரு சத்தம் வரக் கூடாது. டிரம்பெட் இல்ல, டிரம் இல்ல, கைதட்டல் இல்ல. சாவு வீடு மாதிரி. மேல மாடியில உக்காந்திருக்கிற நிர்வாகத்துக்கு அந்த அமைதி காதைக் கிழிக்கணும்."

நம் ஆட்டக்காரன் பேட்டோடு வரும்போது அவனவன் பாட்டை முழங்குவதுதான் ரசிகர் படையின் வேலை. பிட்சருக்கென்று தனிப் பாட்டு கிடையாது, எல்லாருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. அதையும் ஒருவனுக்கு மறுப்பதென்றால் முகத்தில் துப்புவதற்குச் சமம். இருபது வருடத்தில் எய்சகு அதைச் செய்ததில்லை.

"இது கொஞ்சம் அதிகமில்லையா, முகாய்?"

"நீங்களா சொல்றீங்க?" முகாய் போனை எடுத்தான். "ஆரம்பிச்சு வச்சதே நீங்கதானே! இதைக் கேளுங்க, கேட்டா சூடு ஏறும்."

எய்சகு தடுப்பதற்குள் அவருடைய குரலே கடைக்குள் கணீரென்று ஒலித்தது. அராங்குரென்! முப்பத்தாறு! அராங்குரெனோட எக்ஸ்ரே! அரங்கத்தின் சிரிப்பு, கைதட்டல். முகாய் அதை இன்னொரு முறை ஓட்டினான். எய்சகு நுரைக் கிண்ணத்தோடு நின்றார். வெளியே ஓடலாம் என்றால் முகாய் வாசலில், உள்ளே போகலாம் என்றால் நாற்காலி நடுவில். துண்டுக்குக் கீழே மூச்சு சீராகப் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு ஷூ மட்டும் மெல்ல ஆடியது.

"கையை நீங்கதான் தூக்கணும்" என்றான் முகாய். "நான் தூக்கினா பாதிப் பேர் கேப்பான், பாதிப் பேர் கேக்க மாட்டான். நீங்க தூக்கினா மூச்சுவிட மாட்டான். என்ன, சரிதானே?"

முடியாது என்றால் ஏன் என்பான். ஏன் என்பதற்கான பதில் நாற்காலியில் படுத்திருந்தது.

"சரி" என்றார் எய்சகு.

முகாய் போனதும் நொபுயே ஷட்டரை முழுக்க இறக்கினாள். எய்சகு துண்டை எடுத்தார். அராங்குரென் கண்ணைத் திறந்து பளிச்சென்று சிரித்தான்.

"மாஸ்டர்! போன்ல மாஸ்டர் குரல். என் பேரு. நெறைய தடவை! எல்லாரும் கைதட்டினாங்க. என்ன சொன்னீங்க?"

நொபுயே கணவரைப் பார்த்தாள். சொல்லிவிடுங்கள் என்று அவள் முகம் சொன்னது. எய்சகு நுரையை இன்னொரு முறை குழைத்தார்.

"நீ... நல்லா ஆடுவேன்னு சொன்னேன்."

அவன் கண் கலங்கிவிட்டது. எய்சகுவின் நுரை படிந்த கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு, நண்பனிடம் மனம் விட்டுச் சொல்கிறவன் போலச் சொன்னான்: "மாஸ்டர், பந்து போடறது பயமில்ல. பேட்தான் பயம். என் ஊர்ல பிட்சர் பேட் புடிக்க மாட்டான். இங்க புடிக்கணும். அப்ப டிரம்பெட், டிரம்... தலை சுத்துது. நான் பந்து போடறப்ப நம்ம ஆளுங்க சத்தம் போடறதில்ல. முதல்ல, என்னைப் புடிக்கலைன்னு நெனச்சேன். அப்புறம் சொன்னாங்க, இங்க அதுதான் முறை, மரியாதைன்னு. பேட் புடிக்கறப்பவும் அப்படி அமைதியா இருந்தா எவ்வளவு நல்லது!"

எய்சகு மழித்து முடித்தார், அவனை அனுப்பினார், அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின் நடுவில் சட்டென்று தலையை நிமிர்த்தினார். முகம் தெளிந்திருந்தது.

"நொபுயே, கேட்டியா? அவனுக்கும் அமைதிதான் வேணுமாம். இவனுங்களுக்கும் அமைதிதான் வேணும். நான் கையைத் தூக்கினா ரெண்டு பேருக்கும் நல்லதாப் போச்சு. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா!"

நொபுயே சூப்புக் கிண்ணத்தை மேசையில் வைத்தாள். "உங்களுக்கு மட்டும் எப்படிங்க இப்படியெல்லாம் தோணுது?" என்றாள். எய்சகு அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். மாட்டிக்கொண்ட மனிதனுக்கு ஓட்டையெல்லாம் வாசலாகத்தான் தெரியும்.

புதன்கிழமை அராங்குரென் பந்து வீசியதை எதிரணி பார்த்துக்கொண்டு நின்றது. அப்படி ஒரு வீச்சு. முப்பத்தாறு வயது எங்கே போயிற்று, இரண்டு ஆபரேஷன் எங்கே போயிற்று, தெரியவில்லை. மூன்றாவது இன்னிங்ஸில் அவன் பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். எய்சகு எழுந்து, வெள்ளைக் கையுறையை மேலே தூக்கினார்.

வலப்பக்கம் முழுக்க அடங்கியது. இத்தனை பெரிய கேலரியில் ஒருவன்கூட இருமவில்லை. என்ன ஏது என்று புரியாமல் மற்ற கேலரிகளும் ஒவ்வொன்றாக அடங்கின. எங்கோ பீர் விற்கிற பெண்ணின் குரல் மட்டும் தனியாகக் கேட்டு, அதுவும் வெட்கப்பட்டு நின்றது. எய்சகுவின் மனதில் அப்போதுகூடப் பாரமில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதிதான்.

கேமராக்காரனுக்கு இது போதாதா! பெரிய திரையில், தூக்கிய கையும் கழுத்து விசிலுமாக எய்சகுவின் முகம் வந்தது. அராங்குரென் நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றான். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி, வலப்பக்கத்தைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினான்.

"என்னய்யா இவன்? செருப்பால அடிச்சா கும்பிடறான்!" என்றான் முகாய். சுற்றி இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

அப்போதுதான் எய்சகுவுக்கு உறைத்தது. இந்தச் சிரிப்பு அவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. கை அதற்குள் கனக்க ஆரம்பித்துவிட்டது. இறக்கிவிடலாம், விசிலை ஊதலாம், பொதுப் பாட்டு முழங்கட்டும். முதுகுக்குப் பின்னால் அத்தனை பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து அந்தக் கை அவருடையதாக இல்லை. மூன்று பந்தில் அராங்குரென் அவுட் ஆகித் திரும்பும்வரை அது மேலேயே நின்றது.

ஆனால் பெலிக்கன்ஸ் ஜெயித்தது. ஒரே ஒரு ரன், அராங்குரெனின் கைவண்ணம். இந்த ரசிகர்களை என்னவென்று சொல்வது? சாவு வீடு நடத்திய அதே வலப்பக்கம் துண்டைச் சுழற்றிக்கொண்டு அவன் பேரைச் சொல்லிக் கத்தியது. முகாய் டிரம்பெட்டை வாயிலிருந்து எடுக்கவில்லை. ஜெயித்த நாளின் நாயகனை மைதானத்தில் சின்ன மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுப்பார்களே, அந்த மேடையில் அவனை ஏற்றினார்கள். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளன் செனா.

முதல் இரண்டு கேள்விகளுக்குத் தன் மொழியில் பதில் சொன்னான், செனா மாற்றிச் சொன்னான். மூன்றாவதற்கு, நானே சொல்கிறேன் என்பது போலச் செனாவின் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டான்.

"இன்னிக்கு நன்றி, வலப்பக்கம்! நான் பேட் புடிச்சப்ப அமைதி. ரொம்ப மரியாதை. எனக்கு அழுகை வந்துச்சு." செனா மைக்குக்குக் கை நீட்டினான். அவன் விடவில்லை. "அதைச் செஞ்சது என் மாஸ்டர். எனக்கு முடி வெட்டற மாஸ்டர், என் நண்பர். ஜனவரியிலயே சொன்னார், அராங்குரென் நல்லா ஆடுவான்னு. மாஸ்டர், நன்றி!"

மைதானம் ஒரு கணம் புரியாமல் விழித்தது. அப்புறம் சிரித்தது. முதலில் வலப்பக்கம், பிறகு நாலா பக்கமும். திரையில் மறுபடி எய்சகுவின் முகம் வர, சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. அராங்குரெனும் சேர்ந்து சிரித்தான், தன் பேச்சில் ஏதோ பிழை என்று நினைத்திருப்பான். சிரிப்பு ஓயவில்லை. அவன் செனாவிடம் குனிந்து என்னவோ கேட்டான். செனா தரையைப் பார்த்தான். இன்னொரு முறை கேட்டான். செனா அவன் காதில் சொன்னான்.

அந்த முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியதை ஊரே திரையில் பார்த்தது. அவன் வலப்பக்கம் திரும்பவில்லை. மைக்கைச் செனாவிடம் கொடுத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினான்.

முகாய் எய்சகுவை மேலும் கீழும் பார்த்தான். "ஒசாகா மச்சான்" என்றான் மெதுவாக. "தலைவரே, எங்களையும் ஏமாத்தி அவனையும் ஏமாத்தினா, நீங்க யாரு பக்கம்தான் இருந்தீங்க?"

எய்சகு கையுறையைக் கழற்றி பெஞ்சில் வைத்தார். விசிலையும் கழற்றி வைத்தார். முகாய் எடுத்துக்கொண்டான்.

அடுத்த திங்கட்கிழமை எய்சகு ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். யாரும் வரமாட்டார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கதவு தட்டப்பட்டது. நொபுயே ஓடிப்போய்த் திறந்தாள். அராங்குரென் நின்றான், கூடவே செனா.

எய்சகு எழுந்து, தலை முழங்காலைத் தொடுமளவு குனிந்தார். "மன்னிக்கணும்" என்றார். "நான் கேட்டது தப்பு. அன்னிக்குக் கையைத் தூக்கினதும் தப்பு." செனா அதை மாற்றிச் சொன்னான். அராங்குரென் காலியான நாற்காலியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு தன் மொழியில் நிறையப் பேசினான்.

"நீங்க ஜனவரியில பேசினதை வார்த்தைக்கு வார்த்தை சொல்லச் சொன்னார், சொல்லிட்டேன்" என்றான் செனா. "அந்தக் கேள்வியில தப்பில்லையாம். வயசு நெஜம், ஆபரேஷன் நெஜம், அவரே ரசிகரா இருந்தா அதைத்தான் கேட்டிருப்பாராம். கேலரியில அமைதியா இருந்ததும் பரவாயில்லையாம், தோத்தவனை எந்த ஊர்லயும் அப்படித்தான் நடத்துவாங்களாம்." செனா சற்றுத் தயங்கினான். "ஆனா துண்டை எடுத்ததும் அவர் உங்ககிட்ட ஒண்ணு கேட்டாராமே. அதுக்கு நீங்க சொன்ன பதிலை ஊர்ல பொண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கார். இப்ப அவகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலைங்கறார்."

நொபுயே ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்தாள். எய்சகு குனிந்தபடியே இருந்தார்.

"நிமிருங்க. முடி வெட்டணுமாம், புதன்கிழமை மேட்ச் இருக்கு. இந்த ஊர்ல இந்த முடியை வெட்டத் தெரிஞ்ச வேற ஆள் இல்லைங்கறார்."

அராங்குரென் நாற்காலியில் உட்கார்ந்தான். எய்சகு துணியைப் போர்த்தினார். இவ்வளவு கவனமாக அவர் எந்தத் தலைக்கும் வெட்டியதில்லை. காதோரம், பிடரி, நெற்றிக் கோடு, எல்லாம் முடித்து, பழக்கத்தில் நாற்காலியைச் சாய்க்கக் கை கொண்டுபோனார். மறு கையில் சவரக் கத்தி இருந்தது.

அராங்குரென் துணிக்குள்ளிருந்து கையை எடுத்துத் தன் கழுத்தை மூடிக்கொண்டான்.

"வேண்டாம், குஸுமி சார்" என்றான். "முடி மட்டும்."

செனா கதவைத் திறந்துகொண்டே, அடுத்த திங்களும் இதே நேரத்துக்கு வருவார் என்றான். எய்சகு கத்தியை மடக்கி, சரி என்றார்.